எதுவும் சொல்லாத ரேடியோ

1

ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். மின்னஞ்சல் சொல்கிறது.

"அன்புள்ள நேயரே, விளம்பரமே இல்லாத இசையோடு எங்களுடன் ஓராண்டு பயணித்தமைக்கு நன்றி. எங்கள் பாடல் தொகுப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? ஒரே பாடல்கள் திரும்பத் திரும்ப வருவதாக உணர்கிறீர்களா? உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்."

அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள், உள்ளே நிறமில்லாமல். அதற்கும் கீழே ஒரு கட்டம். ஐநூறு எழுத்துக்குள் எழுத வேண்டும்.

இரண்டு நாளாக அந்தக் கட்டத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன். நான் சொல்ல வேண்டியது ஐநூறு எழுத்தில் அடங்காது. இசை நிலையத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை அது. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கோவளத்துக்காரன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தேன். ஆறு மாதப் பயிற்சி என்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. நான் இருக்கிற தென்பகுதியில் கடல் கிடையாது. எந்தத் திசையில் ஓட்டினாலும் ஒரு நாள் ஆகும் கடலுக்கு. அதனால் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துத்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குப் போன ஆள் கரையேறுகிற வரைக்கும் வீட்டில் ரேடியோவை அணைக்கக் கூடாது.

சாமி வழக்கம் இல்லை இது. எங்கள் நைனா, அதாவது அப்பா, கடலுக்குப் போன காலத்தில் அம்மா ரேடியோவைப் போட்டு வைத்தது பாட்டுக்காக அல்ல. பாட்டு எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், நின்றால் ஒரு குரல் வரும், காற்று பலமாக வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று சொல்லும். அந்தக் குரலுக்காக. அது வந்தால் அம்மா கரைக்கு ஓடி, பக்கத்தில் நிற்கிற படகுக்காரர்களிடம் சொல்வாள், யாராவது படகில் போய்க் கூப்பிட்டு வருவார்கள். பிறகு செல்போன் வந்தது. ஓட வேண்டாம், அடித்தால் போதும்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் நைனா நன்றாக இருக்கிறார் என்று பொருள். சின்ன வயதில் நான் பாட்டை இப்படித்தான் கேட்டேன். ராகமும் தெரியாது, பாடியவரும் தெரியாது. இது நிற்காமல் முடியட்டும், இது நிற்காமல் முடியட்டும். ஒவ்வொரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் விளையாட்டை விட்டுவிட்டு ரேடியோவையே பார்ப்பேன். இன்றைக்கும் எனக்கு இரண்டு பாட்டுக்கு நடுவே அமைதி ஆகாது.

நைனா கடலில் சாகவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ந்த வேட்டியோடு போனார். ஆனாலும் வழக்கம் போகவில்லை. படகு என் தம்பி சேகர் கைக்கு வந்தது, ரேடியோ அவன் மனைவி மல்லிகா கைக்கு வந்தது.

3

போன வருஷம் விடுமுறைக்கு வந்தேன். மகள் காலேஜுக்காக சேகர் கூடுவாஞ்சேரிக்கு வீடு மாறியிருந்தான். மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் ஜிஎஸ்டி ரோட்டு ஹார்ன் கேட்கும், ரயில் கேட்கும், கடல் கேட்காது. விடியலுக்கு முன் பைக்கில் நெல்லிக்குப்பம் ரோடு வழியாகக் கோவளம் போவான். மத்தியானம் மீன் வாசனையோடு லிஃப்டில் ஏறுவான்.

"லிஃப்ட்ல நான் நின்னா எல்லாரும் படிக்கட்டுல போறானுங்க அண்ணாத்த. வசதியா கீது, எனக்கு மட்டும் தனி லிஃப்ட்."

அவன் திரும்புகிற வரைக்கும் சமையலறை ஜன்னலில் எஃப்எம் அலறிக்கொண்டிருக்கும். அலறல் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பாட்டு, ஏழு விளம்பரம். நகைக்கடை. மெத்தை. முட்டிவலி. கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் வீட்டுமனை. அந்த மனை எங்கே இருக்கிறதென்று சேகருக்குத் தெரியும். "ராக்கெட்ல போனா அஞ்சு நிமிசம்" என்பான்.

பத்து வருஷம் வெளியில் இருந்தவனுக்குச் சத்தம் தாங்காது. எனக்குத் தலை வெடித்தது. மூன்றாம் நாள், விளம்பரமே இல்லாத இசை நிலையம் ஒன்றுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி, வைஃபையில் பாடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி ஜன்னலில் வைத்தேன். பழைய பாட்டு, நாள் முழுக்க, நடுவில் ஒரு மனுஷக் குரல் கிடையாது. அதே சந்தாவில் ஜெர்மனியில் என் சமையலறையிலும் கேட்கலாம். இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியது.

பழைய ரேடியோவை என் கையாலேயே பரணில் தூக்கிப் போட்டேன். ஸ்டூல் போட்டு ஏறி, நானே.

மல்லிகா ஸ்பீக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாதான் கீது மாமா. ஆனா ஆளே இல்லாத வூட்ல டிவி ஓடறாப்ல கீது."

"பழகிடும்மா" என்றேன்.

4

நேயர் கருத்துகள் என்று அந்த நிலையத்துக்கு ஒரு பக்கம் உண்டு. ரயிலில் வேலைக்குப் போகும்போது படிப்பேன். உலகம் முழுக்க நம் ஆட்கள், முகம் தெரியாமல் உட்கார்ந்து பாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தோஹாவில் வண்டி ஓட்டுகிற ஒருவர்: விளம்பரம் இல்லாததே சொர்க்கம், நன்றி. அதற்கு அடியில் டொராண்டோக்காரர்: சொர்க்கத்தில் மொத்தம் ஐம்பது பாட்டுதானா சார்? இன்னொருவர், புல்லாங்குழலில் தொடங்கும் அந்த ஒரு பாட்டை இன்று மட்டும் மூன்று தடவை போட்டீர்கள், எனக்குப் புல்லாங்குழல் மீதே வெறுப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். மெல்போர்னில் ஒரு அம்மா, தயவுசெய்து மாற்றாதீர்கள், அடுத்து எது வரும் என்று தெரிவதால்தான் என் கணவர் அமைதியாக இருக்கிறார், அவருக்கு மறதி நோய் என்று எழுதியிருந்தார்.

நான் திரும்பத் திரும்ப வரட்டும் என்கிற கட்சி. தெரிந்த பாட்டே வரட்டும். புதிதாக எதுவும் வர வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "அலைகூடத் திரும்பத் திரும்பத்தான் வருகிறது" என்று கவிதைபோல ஒன்று எழுதிவைத்தேன். முப்பது பேருக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது அழிக்கப் பார்க்கிறேன். அழிக்கிற வழி இல்லை.

என் மகள் ஹரிணிக்குப் பதினெட்டு. இங்கே வளர்ந்தவள். அவள் தமிழில் மரமும் மாமாவும் ஒன்றுதான், எல்லாமே வருது, போகுது. ஒரு நாள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இதை ஏன் ரேடியோன்னு சொல்ற அப்பா? இது பிளேலிஸ்ட்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. ரேடியோல யாரோ இருப்பாங்க."

சிரித்தேன். சாப்பிடு, நேரமாச்சு என்றேன்.

5

போன கார்த்திகை. சனிக்கிழமை. இங்கே காலை ஏழு, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் பால்போல. என் மனைவிக்கு மருத்துவமனையில் வார இறுதி வேலை, போய்விட்டாள். ஸ்பீக்கரைப் போட்டேன். காபி கொதிக்கும்போது போனைத் திறந்தால் ஊர்ச் செய்தி. வடக்குக் கடலோரத்தில் பலத்த காற்று, மீனவர்களுக்கு எச்சரிக்கை, சென்றவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். மூன்றரை மணி நேரத்துக்கு முந்தைய செய்தி.

ஊரில் அப்போது பதினொன்றரை. மல்லிகாவை அழைத்தேன். எடுத்ததும், அவளுக்குப் பின்னால் புல்லாங்குழல். என் சமையலறையிலும் அதே புல்லாங்குழல், நாலு விநாடி தள்ளி. இரண்டும் ஒன்றையொன்று துரத்தின.

"சேகர் எங்கம்மா?"

"கடலுக்குப் போய்க்கிறாரு மாமா. கூட ரெண்டு பேரு. ஏன்?"

"காத்து வருதுன்னு சொல்லியிருக்காங்களே. நீ கேக்கலையா?"

"இல்லியே. காலைல இருந்து ரேடியோ போட்டுத்தான் வச்சிக்கீறேன். அது ஒண்ணும் சொல்லல."

அது ஒண்ணும் சொல்லல.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவதென்று மாதக்கணக்கில் யோசிக்கிறேன். காபி பொங்கி அடுப்பில் வழிந்தது, கருகிய வாசனை வந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் வழக்கத்தில் ஒரு பிசகும் இல்லை. விடியலில் இருந்து ரேடியோ ஓடுகிறது. பாட்டு நிற்கவில்லை. பாட்டு நிற்கவில்லை என்றால் அவன் நன்றாக இருக்கிறான். எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்திருக்கிறாள். வாயில்லாத ஒன்றை ஜன்னலில் வைத்துவிட்டு, வாயுள்ளதைப் பரணில் போட்டவன் நான்.

கோவளத்தில் இருந்திருந்தால் குப்பத்து மைக்கில் சொல்லியிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டியிருப்பாள். கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடியில் யார் தட்டுவார்கள்?

"மல்லிகா, இந்த ரேடியோ எதையும் சொல்லாது. பாட்டு மட்டும்தான். அவனுக்கு அடி, உடனே."

அந்தப் பக்கம் பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, மெதுவாக:

"இன்னா மாமா சொல்றீங்க. சொல்லவே சொல்லாதா?"

சேகரின் போன் போகவில்லை. நான் அடித்தேன், அவள் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால். குப்பத்தில் ஒரு படகுக்காரனைப் பிடித்ததில், எட்டு மணிக்கு அறிவிப்பு வந்ததும் கரைப்பக்கம் இருந்த படகெல்லாம் திரும்பிவிட்டது என்றான். "சேகர் படகும் அப்ப கிட்டக்கத்தான் இருந்துச்சு அண்ணாத்த. வூட்ல இருந்து போன் பண்ணியிருப்பாங்கன்னு நாங்க நினைச்சோம். அப்பாலதான் தெற்கால உள்ள போய்ட்டாப்ல."

எட்டு மணிக்கு டவர் கிடைத்திருக்கிறது. ஒரு அழைப்பு. ஒரே ஒரு அழைப்பு.

மல்லிகாவை மறுபடி அழைத்தேன், அதற்குப் பிறகு அவள் போனை வைக்கவே இல்லை. பரணில் ஏறுகிற சத்தம், அட்டைப்பெட்டி விழுகிற சத்தம், தும்மல். பழைய ரேடியோவைத் துடைத்து ஜன்னலில் வைத்துத் திருகினாள். கரகரவென்று வந்த முதல் குரல், ஐந்தே நிமிடத்தில் வீட்டுமனை. ஒரு விளம்பரத்தை நான் முழுக்கக் காதுகொடுத்துக் கேட்டது அன்றுதான். அடுத்து மெத்தை. அடுத்து நகைக்கடை, சிரிக்கிற ஒரு பெண். அதற்கும் பிறகு, நிதானமாக, அவசரமே இல்லாத குரலில், மீனவர்கள் கவனத்துக்கு.

காலையில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதுவும்தான் திரும்பத் திரும்ப.

ஹரிணி எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"அதை ஆஃப் பண்ணட்டுமா?"

"வேணாம்."

ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியாது. ஆள் கரையேறுகிற வரைக்கும் அணைக்கக் கூடாது. அது பயனில்லாதது என்று தெரியும், அதுதான் குற்றவாளி என்றும் தெரியும், ஆனாலும் கை போகவில்லை.

இங்கே எட்டு மணி. ஒன்பது. பாட்டுகள் வந்தன, எனக்குத் தெரிந்த வரிசையில், ஒன்றும் மாறாமல். அடுத்து எது என்று தெரிந்திருப்பது இவ்வளவு கொடுமையாக இருக்குமென்று அந்த நேயர் பக்கத்தில் யாரும் எழுதவில்லை. கடலில் மூன்று பேர் எங்கே என்று தெரியாது, அடுத்த பாட்டு மட்டும் தெரியும்.

ஹரிணி கேட்டாள்: "சித்தப்பா எப்போ வருது?"

வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். வருவார் என்று சொல்லு, அது இது என்று சொல்லாதே. எங்கள் கரையில் எந்த நிலையில் ஒரு மனுஷன் 'அது' ஆகிறான் என்று நான் பார்த்திருக்கிறேன். அவள் தெரியாமல் சரியாகச் சொல்லிவிட்டாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை இன்றைக்கும் தூக்கத்தில் தொட்டுப் பார்க்கிறேன், அப்படியே ஈரமாக இருக்கிறது.

பத்தரைக்குப் புல்லாங்குழல் மறுபடி வந்தது. ஒரு முழுச் சுற்று முடிந்து இரண்டாவது சுற்று. அது பாதியில் இருக்கும்போது மல்லிகாவின் குரல் உடைந்தது. அழுகிறாளா, சிரிக்கிறாளா.

"தேவனேரில ஒதுங்கிட்டாங்களாம் மாமா. மூணு பேரும். எவன் போன்லியோ எம்பொண்ணு நம்பருக்கு அடிச்சிப் பேசறாரு."

6

எஞ்சின் நின்று, வலையை அறுத்துவிட்டு, காற்று தள்ளின பக்கமே தெற்கே போயிருக்கிறார்கள்; தேவனேரி ஆட்கள் கயிறு வீசி இழுத்திருக்கிறார்கள். அங்கிருந்து மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, யாரோ கொடுத்த லுங்கி.

மறுநாள் வீடியோவில் சேகர் பேசினான். உள்ளங்கை இரண்டிலும் கட்டு. டீயை அவன் மகள் பிடித்துப் புகட்டினாள்.

"மேகத்தப் பாத்தேன் அண்ணாத்த. கறுத்துகினுதான் வந்துச்சு. திரும்பிடலாமான்னு கூட இருந்தவன் கேட்டான். நான்தான் சொன்னேன், வூட்ல ரேடியோ ஓடிகினு இருக்கும், எதுனா இருந்தா மல்லிகா போன் அடிப்பா, அடிக்கல, ஒண்ணும் இல்ல, இன்னொரு தபா வலைய வுடலாம்னு. சொல்லிட்டு உள்ள போனேன்."

அவன் சிரித்தான். நான் திரையில் என் முகம் தெரிகிற சின்னச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மல்லிகா அடிச்சாளாம், டவர் இல்லியாம். இன்னா பண்றது."

அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலம், ஏன் மறைத்தாள் என்று தனியாக அவளிடம் கேட்டேன்.

"வாணாம் மாமா. நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தது. அவருக்குத் தெரிஞ்சா அந்தப் பொட்டிய ஒடைச்சிடுவாரு, அப்பால உங்ககிட்ட பேசமாட்டாரு. பொழச்சி வந்துட்டாரு இல்ல. வுடுங்க."

விட்டேன். மாதக்கணக்கில் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன். சேகர் படிக்கிறவன் இல்லை, யாராவது படித்துக் காட்டுவார்கள். காட்டுங்கள். அவன் மூன்று உயிரை வைத்து நம்பியது என் ஐந்து நட்சத்திரத்தை.

7

ஹரிணி இப்போது படிப்புக்காக வேறு நகரத்தில் இருக்கிறாள். சனிக்கிழமை தோறும் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். இரண்டரை மணி நேரம், நெடுஞ்சாலையில், வேகத்துக்கு எல்லையில்லாத தூரங்களும் அதில் உண்டு. முதல் சனிக்கிழமை அவள் கிளம்பிவிட்டேன் என்று செய்தி அனுப்பியபோது என் கை தானாக ரேடியோவுக்குப் போனது.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ரேடியோக் கட்டணம் உண்டு. ரேடியோ இருந்தாலும் கட்ட வேண்டும், இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வந்த புதிதில், எங்கள் வீட்டில் ரேடியோவே இல்லை என்று அகராதி வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ரேடியோ இல்லாதது குறித்துத் தெரிவித்தமைக்கு நன்றி, கட்டணம் மாறாது என்று பதில் வந்தது. பத்து வருஷம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். இப்போது ஒரு ரேடியோ வாங்கிவைத்து, அந்த நிலையத்தைத்தான் கேட்கிறேன். பாட்டு எனக்குப் பிடிக்காது. அறிவிப்பாளர் பேசுவதில் பாதி புரியாது.

ஆனால் அதில் ஒரு ஆள் இருக்கிறார். நெடுஞ்சாலையில் யாராவது தப்பான திசையில் எதிரே ஓட்டி வந்தால் (அப்படிப்பட்ட ஓட்டுநரைப் பேய் என்கிறார்கள் இங்கே) அவர் பாட்டைப் பாதியில் நிறுத்துவார். ரோட்டின் எண்ணைச் சொல்வார். முந்த வேண்டாம், வலது ஓரமாகப் போங்கள், ஆபத்து நீங்கியதும் சொல்கிறோம் என்பார். வேகமாகச் சொல்வார். எண்களை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். அவள் வருவது எட்டாம் எண் சாலை. அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, சமையலறையில், அம்மா நின்ற மாதிரியே.

நேற்றுச் சனிக்கிழமை மல்லிகாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் எஃப்எம் அலறியது. மெத்தை விளம்பரம்.

"சேகர் வரலையா இன்னும்?"

"அவரு அப்பவே வந்து சாப்பிட்டுப் படுத்துட்டாரு. பாப்பா வண்டில வந்துகினு இருக்குமே, அதுக்குத்தான் போட்டு வச்சிக்கீறேன்."

"உன் ரேடியோல இந்த ஊரு ரோட்டப் பத்தி எப்படிம்மா சொல்லுவான்?"

"சொல்லமாட்டான். தெரியும். ஓடட்டும்."

அப்போது என் பக்கத்துப் பாட்டு பாதியில் நின்றது.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ரேடியோ பக்கம் குனிந்தேன். குரல் வந்தது. தப்பான திசை என்ற சொல். பிறகு எண். ஆறு. இரண்டாவது முறையும் சொன்னார், ஆறு. எட்டு இல்லை. போனை மறுபடி காதில் வைத்துச் சொன்னேன்.

"வேற ரோடு. ஆறாம் நம்பரு. நம்ம ரோடு இல்ல."

பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம், படிக்கட்டில் அவள் பூட்ஸ், சாவி. உள்ளே வந்து பையைப் போட்டாள். நான் பழக்கத்தில் ரேடியோவை அணைக்கக் கை நீட்டினேன்.

"பாப்பா வந்துட்டா மல்லிகா. நீயும் அணைச்சிடு."

அவள் அணைக்கவில்லை. மெத்தை முடிந்து வீட்டுமனை தொடங்கியிருந்தது.

"அந்த ஆறாம் நம்பரு ரோட்டுல போறதும் யாரோ பெத்த புள்ளைங்கதான மாமா. ஆபத்து போயிடுச்சின்னு அந்த ஆளு சொல்லட்டும். அது வரைக்கும் அணைக்காதீங்க."

கையை எடுத்துவிட்டேன். ஹரிணி கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.